நான் கெடுத்த வண்டி

கீழக்குயில்குடி,
5.7.1981

மேலூர் சந்தானம் அவர்களுக்கு, கீழக்குயில்குடி மொக்கையன் எழுதுவது.

முதலில் என் எழுத்தை மன்னிக்க வேண்டும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும், மழைக்குப் பிந்திய கண்மாய்க் கரை மாதிரி. ஒரு எழுத்து யானை, பக்கத்து எழுத்து எலி. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி பேனாவை இறுக்கிப் பிடிக்கிறேன் என்று வாத்தியாரம்மா ஜெயக்கெடி சிரிக்கிறாள். "தாத்தா, பேனா எங்கயும் ஓடிப் போயிறாது, மெதுவாப் பிடிங்க" என்கிறாள். எனக்கு வயது எழுபது. பஞ்சாயத்து ஆபீஸில் நடக்கும் முதியோர் பள்ளியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. நான் ஒருவருக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுதி முடிக்க இரண்டு நாள் ஆகும் போலிருக்கிறது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மருமகள் சின்னத்தாய், "என்ன மாமா, லாட்டரி கீட்டரி விழுந்திருச்சா?" என்று கேட்டாள்.

நான் கெடுத்த வண்டி எப்படி இருக்கிறது? நான் கெடுத்து இன்றோடு முப்பத்தேழு நாள். முப்பத்தொரு வருஷம் ஓட்டின ஜீப். கால்வாய்க் காண்ட்ராக்டர் முதலாளி பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. அவர் கண்ணை மூடுவதற்கு முன்னால் சாவியை என் கையில் வைத்து, "இது உன்னோடதுடா மொக்கையா" என்றார். என் இடது கால் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்று அடம் பிடித்ததால்தான் உங்களிடம் விட்டேன். அந்தக் கால் மட்டும் சரியாக இருந்தால் நீங்கள் என் வாசலை மிதித்திருக்க வேண்டியதே இல்லை.

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. நீங்கள் வாங்க வந்த அன்று உங்களோடு வந்த ஆள் வண்டியின் பக்கத்துத் தகட்டை விரலால் தட்டி, "எம்புட்டு எடை இருக்கும்?" என்று கேட்டார். ஓட்டப் போகிறவன் எடையைக் கேட்க மாட்டான். உடைக்கப் போகிறவன்தான் கேட்பான். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் முடிச்சுப் போடுகிற பெண்களுக்குச் சுங்குடிச் சேலைகளை ஊர் ஊராக எடுத்துப் போகத்தான் ஜீப் என்று நீங்கள் சொன்னீர்கள். நம்பினேன். கெஞ்சம் சந்தேகமும் இருக்கிறது. அதனால்தான் பெயர் மாற்றுகிற பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கைநாட்டு என்றால் அன்றைக்கே வைத்திருப்பேன். இப்போது எனக்குக் கையெழுத்து இருக்கிறது. அதை முதலில் எந்தக் காகிதத்தில் போடுவது என்று யோசிக்க எனக்கு உரிமை உண்டு.

பதில் எழுதவும். வரிக்கு வரி இடம் விட்டு எழுதினால் படிக்க லேசாக இருக்கும்.

மொக்கையன்

*

மேலூர்,
10.7.1981

திரு. மொக்கையன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை என் கண்ணை நம்பவில்லை. இரண்டாம் முறை உங்களை நம்பவில்லை.

"நான் கெடுத்த வண்டி எப்படி இருக்கிறது" என்று நலம் விசாரித்திருக்கிறீர்கள். கெடுத்தவரே கேட்பதால் சொல்கிறேன், கெட்டுத்தான் இருக்கிறது. "நான் கெடுத்து முப்பத்தேழு நாள்" என்று கணக்கு வேறு. எண்ணிப் பார்த்தேன். நான் வண்டியை வாங்கிக்கொண்டு வந்த அதே நாள் வருகிறது. எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம்தான். ஆனால் நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். கெடுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

இதுவரை நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. வண்டியில் ஒரு சத்தம் வருவது உண்மை. என்ஜின் பழையது, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். கோரிப்பாளையத்தில் நீங்கள் வழக்கமாகக் காட்டும் மெக்கானிக் மஸ்தான் பாயிடமே இரண்டு முறை கொண்டுபோனேன். அங்கே போய் நின்றதும் வண்டி ஊமையாகிவிடுகிறது. அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "என்ஜின் கல்லு மாதிரி இருக்கு, ஏன் சும்மா சும்மா சந்தேகப்படுறீங்க?" என்று அனுப்பிவிட்டார். அவர் உங்கள் ஆள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

எடையைக் கேட்டவர் என் மச்சினர் சௌந்தரராஜன். நாங்கள் போகும் வழியில் ஒரு பழைய வாய்க்கால் பாலம் இருக்கிறது, அது தாங்குமா என்பதற்காகக் கேட்டார். இதை நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எதைக் கெடுத்தீர்கள் என்று மறு தபாலில் எழுத வேண்டும். பாரத்தில் கையெழுத்தும் வேண்டும்.

சந்தானம்

*

கீழக்குயில்குடி,
17.7.1981

சந்தானம் அவர்களுக்கு,

என் பெயருக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. தபால்காரர், "படிச்சுக் காட்டவா பெருசு?" என்றார். "வேணாம்பா, நானே படிச்சுக்கிருவேன்" என்று சத்தமாகச் சொன்னேன். தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கச் சந்தோஷம் இறங்கிவிட்டது.

நான் கெடுத்த வண்டி என்று எழுதினேன். ஆமாம், எழுதினேன். கெடுத்ததைக் கெடுத்தேன் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது? ஒளித்து மறைத்தா கெடுத்தேன்? தெருவே பார்க்க, வெற்றிலை பாக்கு வைத்து, மனதாரக் கெடுத்தேன். சின்னத்தாய் ஆரத்திகூட எடுத்தாள். எதைக் கெடுத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். வண்டியைக் கெடுத்தேன். சாவியைக் கெடுத்தேன். ஸ்டெப்னியும் கெடுத்தேன். கேட்காமலே ஜாக்கியும் கெடுத்தேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன கெடுக்க முடியும்?

உங்கள் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என் அக்கா மகன் முத்திருளன் மேலூர் பஸ்ஸில் கண்டக்டர். போன செவ்வாய்க்கிழமை வந்து சொன்னான்: "மாமா, ஒங்க ஜீப்பு மூடியத் தொறந்து போட்டு, பழைய இரும்புக் கடைப் பக்கத்துல நிக்குது. நாலு பேரு குனிஞ்சு பாக்குறாக." அவன் டிக்கெட்டில்கூடப் பொய் சொல்லாதவன். பாலத்துக்காக எடை கேட்ட உங்கள் மச்சினரும் அந்த நான்கு பேரில் இருந்தாரா?

என் வண்டியில் கெட்ட சத்தம் எதுவும் கிடையாது. அதன் சத்தம் எல்லாம் எனக்குத் தெரியும். காலையில் மூன்று தரம் இருமும், நான்காவது தரம் எழுந்துவிடும். மேடு ஏறும்போது மூக்கால் பாடும். மூன்றாவது கியர் விழும்போது "அம்மாடி" என்னும். இவற்றைத் தவிர வேறு சத்தம் வந்தால் அது நீங்களாக உண்டாக்கியது. அது எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள், பார்ப்போம்.

என் கடிதத்தைத் திருப்பி அனுப்பவும். அதை நான் வாத்தியாரம்மாவிடம் காட்டாமலே அனுப்பினேன். தனியாக எழுதினேன் என்று இருக்கட்டுமே என்கிற பெருமைதான். இப்போது அவளிடம் காட்டி நியாயம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் சில எழுத்துக்குப் பின்னால் தேவை இல்லாமல் ஒரு கால் நிற்கிறது. வியாபாரிகள் அவசரத்தில் எழுதுவீர்கள். அதை நான் தப்பாக எடுக்கவில்லை.

மொக்கையன்

*

மேலூர்,
24.7.1981

திரு. மொக்கையன் அவர்களுக்கு,

"மனதாரக் கெடுத்தேன்" என்று எழுதுகிற மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஆரத்தி எடுத்து வேறு கெடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியபடி ஜாக்கியைச் சோதித்துப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. அதை எந்த விதத்தில் கெடுத்தீர்கள் என்று தெரியாததுதான் பயமாக இருக்கிறது. ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டுக் கொல்லையில் போட்டிருக்கிறேன். என் மனைவி லலிதாம்பாள் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள்.

கடிதங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அவை பீரோவில் இருக்கின்றன. நாளைக்கு நான்கு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் என்னிடம் இருப்பது அவைதான். வேண்டுமானால் அந்த வரியை மட்டும் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுகிறேன்: "நான் கெடுத்த வண்டி எப்படி இருக்கிறது? நான் கெடுத்து இன்றோடு முப்பத்தேழு நாள்." இது உங்கள் எழுத்தா இல்லையா?

முத்திருளன் பார்த்தது உண்மை. மேலூரில் நான் காட்டும் மெக்கானிக்கின் கடை இரும்புக் கடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான்கு பேர் குனிந்தோம். ஒன்றும் தெரியவில்லை.

சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சனிக்கிழமை தோறும் மதுரைக்குப் போய் வருவேன். வந்த பிறகு நான்கைந்து நாள் ஒன்றும் இருக்காது. வியாழன், வெள்ளி ஆனதும், கண்மாய்க் கரையில் குலுங்கிப் போகும்போது தொடங்கும். டிரைவர் சீட்டுக்குக் கீழிருந்து டொக், டொக், டொக் என்று, உள்ளே யாரோ உட்கார்ந்து கதவைத் தட்டுவது போல. சனிக்கிழமை மறுபடி மதுரைக்குப் போய், ஊருக்குள் நுழைந்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு, கோரிப்பாளையம் சேர்ந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். உங்கள் மஸ்தான் பாயைக் கண்டால் மட்டும் வண்டி ஒழுங்காக நடந்துகொள்வதற்கு என்ன அர்த்தம்?

கரைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் முடிச்சுப் போடும் பெண்கள் சேலைக்காகக் காத்திருக்கிறார்கள். பாதி வழியில் நான் வெடித்துச் சாக முடியாது. ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை காலை, இரும்புக் கடை ஆண்டிச்சாமியை வரச் சொல்லியிருக்கிறேன். வண்டியைப் பிரித்துத் தனித்தனியாக எடுத்துக்கொள்வார். சத்தியமாகச் சொல்கிறேன், வாங்கும்போது எனக்கு அந்த எண்ணம் இல்லை. உங்கள் கடிதம் கொடுத்த எண்ணம் அது. வெள்ளிக்கிழமைக்குள் உண்மை வந்தால் வண்டி பிழைக்கும். உடைப்பதற்கு உங்கள் கையெழுத்து எனக்கு வேண்டியதில்லை.

சந்தானம்

*

கீழக்குயில்குடி,
30.7.1981

சந்தானம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் "சீட்டுக்குக் கீழிருந்து" என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கால் வலி தெரியவில்லை. அட கடவுளே, அது என்ஜின் இல்லை. நீங்கள் சத்தம் சத்தம் என்று எழுதியதால் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு அது என்றைக்குமே சத்தமாக இருந்ததில்லை. அது பெட்ரோல்.

எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். என் சம்சாரம் ராமக்காளுக்குக்கூட அவள் சாகிறவரை இதை நான் சொன்னதில்லை.

காண்ட்ராக்டரிடம் டிரைவராகச் சேர்ந்தபோது எனக்கு எழுத்துத் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. ஜீப்பில் நான்கு சின்ன வட்டம் இருக்கிறது அல்லவா, நான்கிலும் முள், நான்கிலும் இங்கிலீஷ். ஒன்று பெட்ரோல், ஒன்று பேட்டரி, ஒன்று ஆயில், ஒன்று சூடு. ஒரு தரம் காட்டினார்கள். நான் இடம் மாற்றி மனதில் வைத்துவிட்டேன். ஆறு மாதம் சூட்டு முள்ளைப் பார்த்து ஓட்டியிருக்கிறேன். ஓட ஓடப் பெட்ரோல் ஏறுகிறதே, என்ன அருமையான வண்டி என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் அழகர்மலை அடிவாரத்தில், கால்வாய் என்ஜினீயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வண்டி நின்றுவிட்டது. "மீட்டரப் பாக்கலையாடா?" என்று முதலாளி கத்தினார். "மீட்டர் பொய் சொல்லுது முதலாளி" என்றேன். பொய் சொன்னது மீட்டர் இல்லை.

அன்று சாயங்காலமே கல்யாண முருங்கைக் கட்டையைக் கோழிமுட்டை அளவுக்குச் செதுக்கினேன். அடியில் ஒரு செம்பு ஆணி அடித்தேன். இரும்பு ஆணி தீப்பொறி விடும், அதனால் செம்பு. டிரைவர் சீட்டைத் தூக்கினால் கீழே பெட்ரோல் டாங்கி. அதற்குள் போட்டேன். பெட்ரோல் நிறைய இருந்தால் முட்டை மிதக்கும், வாய் திறக்காது. மூன்று விரல் அளவுக்கு இறங்கிவிட்டால், வண்டி குலுங்கும்போது ஆணி அடித்தகட்டைத் தட்டும். டொக், டொக், டொக். தட்டினால் பெட்ரோல் போட வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. "மொக்கையனுக்கு மீட்டரே வேணாம்ப்பா, பெட்ரோல மூக்காலயே மோந்துருவான்" என்பார்கள். வெளியே சிரிப்பேன். உள்ளே, என்றைக்குக் கண்டுபிடிப்பார்களோ என்று இருக்கும். இப்போது படிக்கத் தெரிந்ததால்தான், அன்று தெரியாமல் இருந்ததை எழுத முடிகிறது.

நீங்கள் வாங்க வந்த அன்று, விருந்தாளிக்குச் சோறு போடுகிற மாதிரி டாங்கியை நிரப்பி வைத்திருந்தேன். அதனால் அது பேசவில்லை. நானும் சொல்ல மறந்தேன். மறந்தேனா, வெட்கப்பட்டேனா என்று என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். இரண்டும்தான்.

நம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை அது தட்டும்போது ஐந்து லிட்டர் ஊற்றிப் பாருங்கள், போதும். அதற்குப் பிறகும் தட்டினால் ஆண்டிச்சாமியிடம் சுத்தியலை எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிய வரியையும் வாசித்தேன். என் வரிதான். இப்போதும் அதில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை. நான் கெடுத்தேன், நீங்கள் வாங்கினீர்கள்.

மொக்கையன்

*

கீழக்குயில்குடி,
12.8.1981
(கார்டு)

சந்தானம் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை போய் ஐந்து நாள் ஆகிவிட்டது. பதில் இல்லை. முத்திருளன் மூன்று நாளாக அந்த இரும்புக் கடையை பஸ்ஸில் இருந்து எட்டிப் பார்க்கிறான். பச்சைத் தகடு ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டால், "இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு மாமா" என்கிறான். அவன் எனக்காகப் பொய் சொல்லப் பழகுகிறானோ என்று அவன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. உடைத்திருந்தால் உடைத்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். படிக்கத் தெரியும். தாங்கவும் தெரியும்.

மொக்கையன்

*

மேலூர்,
14.8.1981

மதிப்புக்குரிய பெரியவருக்கு,

வண்டி இருக்கிறது. முழுதாக, என் வாசலில், வேப்ப மரத்துக்குக் கீழே நிற்கிறது. முதலில் இதை எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

ஒரு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான். உங்களுக்கு எழுத எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

உங்கள் முப்பதாம் தேதிக் கடிதம் கிடைத்தும் நான் நம்பவில்லை. டாங்கிக்குள் மர முட்டையாம், தட்டினால் பெட்ரோல் ஊற்ற வேண்டுமாம். ஊற்றியதும் தீப்பிடிக்கத்தான் ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆண்டிச்சாமி சுத்தியலும் ஸ்பேனர் பையுமாக வந்துவிட்டார். வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் லலிதாம்பாள் உங்கள் மூன்று கடிதத்தையும் பீரோவிலிருந்து எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். எங்கள் பேச்சில் அவள் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஏங்க, ஜெயக்கெடின்னு யாராச்சும் பொண்ணுக்குப் பேர் வைப்பாங்களா?"

"அவங்க ஊர் வழக்கமா இருக்கும்."

"ஒரு வழக்கமும் இல்ல. கெஞ்சம் சந்தேகம் இருக்குன்னு எழுதியிருக்காரே, கெஞ்சம்னா என்ன?"

"கொஞ்சம்."

"அப்ப ஜெயக்கெடி?"

"ஜெயக்கொடி."

"அப்ப கெடுத்த வண்டி?"

அவள் ஒரு பென்சிலை எடுத்து என் கையில் வைத்தாள். ஒவ்வொரு இடமாகத் துணைக்கால் போட்டுக்கொண்டே வந்தேன். வண்டியைக் கொடுத்தேன். சாவியைக் கொடுத்தேன். கேட்காமலே ஜாக்கியும் கொடுத்தேன். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து, பென்சில் முனை உடைந்துவிட்டது. கொல்லையில் கிடக்கும் ஸ்டெப்னி ஞாபகம் வந்ததும் இன்னும் அதிகமாயிற்று.

வாசலில் இருந்து ஆண்டிச்சாமி, "என்ன சாமி, வண்டிய ஒடைக்கவா, இல்ல நீங்க கடுதாசி படிச்சு முடிக்கட்டுமா?" என்று குரல் கொடுத்தார். "பெட்ரோல் கேன எடுத்துட்டு வண்டில ஏறுங்க" என்றேன். கண்மாய்க் கரையில் ஓட்டினேன். டொக், டொக், டொக். நிறுத்தி, சீட்டைத் தூக்கி, ஐந்து லிட்டர் ஊற்றினேன். திரும்பி வந்த வழி முழுக்கச் சத்தமே இல்லை. ஆண்டிச்சாமி கம்பியை வளைத்து டாங்கிக்குள் விட்டு முட்டையை வெளியே எடுத்தார். கறுத்து, வழவழப்பாக, செம்பு ஆணி தேய்ந்து பட்டனாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "இத ஒடைக்க நான் வர மாட்டேன் சாமி" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கதை அதோடு முடியவில்லை. சந்தேகமும் தீர்ந்தது, சத்தமும் தீர்ந்தது என்று முட்டையை வெளியே வைத்துவிட்டு ஓட்டினேன். அந்தச் சனிக்கிழமை வேலை மிகுந்ததால் மதுரைக்குப் போகவில்லை. வண்டியின் பெட்ரோல் முள், நான் வாங்கிய நாளிலிருந்து பாதியிலேயே நிற்கிறது. புதன்கிழமை, முப்பது சேலையோடு, உச்சி வெயிலில், கரை நடுவில் வண்டி நின்றுவிட்டது. முடிச்சுப் போடும் சோணையம்மாள் நடந்தே வந்து சேலைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு, "தட்டுறப்ப ஓடுச்சு, தட்டாம நின்னுருச்சு. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்" என்றாள். வழியெல்லாம் சிரிப்பு.

நேற்று முட்டையைக் கழுவி, உள்ளே போட்டுவிட்டேன்.

உங்களைத் தவறாக நினைத்தேன். மஸ்தான் பாயையும் அப்படியே நினைத்தேன். வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறேன். ஒரு நாள் முழுக்க உங்களிடமே இருக்கட்டும். பாரத்தைப் பற்றி நான் இனிக் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
சந்தானம்

*

கீழக்குயில்குடி,
20.8.1981

தம்பி சந்தானத்துக்கு,

"வண்டி இருக்கிறது" என்ற முதல் வரியைப் பதினோரு தடவை படித்தேன். அதன் பிறகுதான் மீதியைப் படித்தேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாத்தியாரம்மாவிடம் போனேன். என் பாடப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். கொ என்ற எழுத்துக்கு ஒரு கொக்குப் படம் போட்டிருக்கிறது. சேர்ந்த புதிதில் ஜீப்புக்குக் கிரீஸ் வைத்த கையோடு அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். என் கட்டைவிரல் ரேகை எழுத்தின் மேல் அப்படியே பதிந்து, பின்னால் இருக்கிற கால் கறுப்புக்குள் மறைந்துவிட்டது. படத்தைப் பார்த்தேன், கொக்கு. எழுத்தைப் பார்த்தேன், கொம்பும் க-வும். சொ, பொ, மொ எல்லாவற்றுக்கும் கால் உண்டு, கொ-வுக்கு மட்டும் கிடையாது என்று நானாக முடிவு செய்துவிட்டேன். கெ மாதிரியே இருக்கிறதே என்று ஒரு நாள் தோன்றத்தான் செய்தது. தமிழில் அப்படித்தான் போலிருக்கிறது, இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டேன். கேட்டால் மக்கு என்பார்களோ என்று பயம். நான்கு வட்டத்தில் எது பெட்ரோல் என்று கேட்கப் பயந்த அதே பயம்தான். அதற்கு வயதே ஆகவில்லை பார்.

கொக்கு நிற்பதே ஒற்றைக் காலில். அதையும் நான் எடுத்துவிட்டேன்.

வாத்தியாரம்மா சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு மாசமா நோட்டு அட்டையில என் பேரக் கெடுத்துக்கிட்டா இருந்தீங்க தாத்தா? நானும் அட்டையத் திரும்பிப் பாக்கலயே" என்றாள். மண்ணெண்ணெய் தொட்டு அந்தக் கறையைத் துடைத்தாள். கால் மெதுவாக வெளியே வந்தது. அதன் பிறகு கொ என்று நூறு தடவை எழுத வைத்தாள். எழுதினேன். என் இடது காலுக்கு டாக்டர்கள் செய்ய முடியாததை இந்தக் கொ-வின் காலுக்கு அவள் ஒரு நாளில் செய்துவிட்டாள்.

தம்பி, வண்டியை என் வாசலுக்குக் கொண்டுவராதே. உன் நல்ல மனதுக்காக எழுதினாய், தெரியும். ஆனால் வந்து நின்றால் ஏறி உட்காருவேன். உட்கார்ந்தால் சாவியைத் திருகுவேன். மூன்று தரம் இருமி எழுந்துவிடும். அப்போது இந்தக் காலைக் கிளட்சின் மேல் வைத்து, அது அழுந்தாமல் நான் உட்கார்ந்திருப்பதை நீயும் பார்க்க வேண்டாம், வண்டியும் பார்க்க வேண்டாம். அதன் சத்தம் எழுத்தில் வந்தால் எனக்குப் போதும். மேடு ஏறும்போது மூக்கால் பாடுகிறதா என்று எழுது. சோணையம்மாள் என்ன சொன்னாள் என்று எழுது.

பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். சர்க்கார் காகிதத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து. கோட்டை விட்டு வெளியே போய்விட்டது, ஆனால் என் பெயர்தான். கீழே, "இந்த வாகனத்தை" என்று அச்சடித்து இடம் விட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "ஒப்படைத்தேன்னு எழுதுங்க தாத்தா, அதான் சர்க்கார் வார்த்தை" என்றாள் ஜெயக்கொடி. நான் கேட்கவில்லை. "கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். காலை எண்ணிப் பார்த்துக்கொள், இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சீட்டுக்குக் கீழே தட்டும்போது பயப்படாமல் பெட்ரோல் போடு. அதே வெள்ளிக்கிழமை நானும் இங்கே பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்துவிடுவேன். உன் பக்கம் அது தட்டினால், என் பக்கம் உனக்குக் கடிதம் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்.

மொக்கையன்